அட்மின்கள் மட்டும்

கிராமப்புறக் கல்வி நிலை பற்றிய ஏசர் (ASER) 2024 அறிக்கை வெளிவந்ததிலிருந்து ஆசிரியர் பயிற்சிகளிலும் கல்விக் கூட்டங்களிலும் ஒரு வாதம் புதுத் தெம்போடு உலவுகிறது. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆகவே பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் வகுப்புக் குழு, கூகுள் கிளாஸ்ரூம், பெற்றோர் செயலி ஆகியவற்றை ஒழுங்காகக் கையாளும் ஆசிரியர் குடும்பத்தையே வகுப்புக்குள் அழைத்து வந்துவிடுகிறார். ஆசிரியர் விருதுக்குப் போகும் கோப்புகளில் குழுவின் ஸ்கிரீன்ஷாட் இப்போது நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இடம்பெறுகிறது. கேள்வி கேட்டால், “இன்னும் கரும்பலகைக் காலத்திலேயே இருக்கிறீர்களே” என்ற பதில் தயாராக இருக்கிறது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. போனைப் பயன்படுத்தத் தெரிந்த அந்த வயதுப் பிள்ளைகளில், முந்தைய ஒரு வாரத்தில் படிப்பு சம்பந்தமாக எதற்காவது அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். போன் வீட்டுக்குள் வந்ததற்கும் படிப்பு வீட்டுக்குள் வந்ததற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. ஆனால் என் ஆட்சேபம் இந்தத் தூரத்தைப் பற்றியது அல்ல. அதை விளம்பரம் செய்தோ பயிற்சி கொடுத்தோ குறைத்துவிடலாம். கருவிகள் முழு வெற்றி பெற்ற இடத்திலும் தொடரும் கோளாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும்.

முதலில் வரவை எழுதிவிடுவோம். கடலூர் மாவட்டம் புயலுக்கு வாக்கப்பட்ட மாவட்டம். 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’. மழைநாளில் சீருடையோடு சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு வரை வந்து, லீவு என்று கேட்டு நனைந்துகொண்டே திரும்பிய பிள்ளைகளின் காலம் போய்விட்டது. விடிவதற்குள் செய்தி வந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது ஆசிரியரின் குரலைப் பிள்ளையிடம் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் அப்பாக்கள் மகளின் ஓவியத்தை அன்றே பார்க்கிறார்கள். வெளிநாட்டு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பீட்டர் பெர்க்மேனும் எரிக் சானும் நடத்திய ஆய்வில், பிள்ளை எந்த வகுப்புக்கு வரவில்லை, எந்த வேலையை முடிக்கவில்லை என்பதைப் பெற்றோருக்குத் தானியங்கிக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். பாடங்களில் தோற்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அங்கே போனது ஒரு பிள்ளையைப் பற்றி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் எழுதப்பட்ட செய்தி என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

வரவு அவ்வளவுதான். இனி செலவு.

சேத்தியாத்தோப்பில் ஓர் ஐந்தாம் வகுப்புக் குழுவை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கரும்பலகையின் படம் வந்து விழுகிறது. ஜன்னல் வெளிச்சம் பட்டு வலப்பக்க எழுத்துகள் வெளுத்திருக்கின்றன. கணக்கில் ஒரு பயிற்சி, தமிழில் மனப்பாடச் செய்யுள், ஆங்கிலத்தில் பத்துச் சொற்கள். படத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இந்த வீட்டுக் கட்டைவிரலும் அதில் ஒன்று. ஆனால் அதைக் காட்டியவர் வீட்டில் இல்லை. வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அவர் கரும்பு டிராக்டரோடு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறார். அன்றைக்குப் போன் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, பிள்ளை தூங்கியாயிற்று. நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். குழுவின் கணக்குப்படி அந்தக் குடும்பம் ஐந்தரை மணிக்கே பள்ளியோடு ‘இணைந்துவிட்டது’.

இந்த நிலைமை ஒரு வீட்டோடு நிற்பதல்ல. ஏசர் 2021 கணக்கில், ஸ்மார்ட்போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிலேயே கால்வாசிப் பேருக்குமேல், 26.1 சதவீதம் பேருக்கு, அந்தப் போன் கைக்குக் கிடைக்கவில்லை. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டதாலேயே கரும்பு அங்கே போய்ச் சேர்ந்துவிடாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெட்டுக்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். கல்வித்துறைக்கு மட்டும் ஆர்டர் போனாலே அரவை முடிந்த மாதிரி.

குழுவில் கீழே போகிறேன். தட்டச்சு செய்யும் இடத்தில், அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்ற வரி. ஆரம்பத்தில் இது திறந்த குழுவாகத்தான் இருந்திருக்கிறது. மேலே தேடிப் பார்த்தால் பழைய உரையாடல் கிடைக்கிறது. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அம்மா குரல் பதிவு போட்டிருக்கிறார். எழுத வராது, அதனால் பேசியிருக்கிறார். இன்னொரு அம்மா, “ஆமா டீச்சர், எம்பொண்ணும் சொன்னா” என்கிறார். மூன்றாவதாக ஒருவர் எப்போது சரியாகும் என்று கேட்கிறார். பதில் இல்லை. மறுநாள் குழுவின் அமைப்பு மாறுகிறது. அதற்குப் பிறகு பெற்றோருக்கு மிச்சமிருப்பது அந்தக் கட்டைவிரல் மட்டும்.

ஆசிரியர்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. திறந்துவிட்டால் ரோஜாப்பூ வணக்கங்கள் வரும், கட்சி வீடியோ வரும், இரண்டு வீட்டுச் சண்டை வரும். அதை நூறு முறை கேட்டாயிற்று. ஆனால் கூட்டத்தில் ஒருவர் கத்துகிறார் என்பதற்காக ஊர் வாயையே கட்டுகிறவர்கள், பிறகு அதற்கு ‘குடும்ப ஈடுபாடு’ என்று பெயர் வைக்கக் கூடாது. பேச இடமில்லாத ஒன்றை அறிவிப்புப் பலகை என்று சொல்லலாம், தவறில்லை. அறிவிப்புப் பலகைக்கு விருது கொடுக்கும்போதுதான் உறுத்துகிறது.

நெடுநாளாக நான் சொல்லிவரும் ஆட்சேபம் இதுதான். இந்தக் கருவிகள் பள்ளியின் வேலையை வீட்டுக்கு அனுப்புகின்றன. வீட்டின் சொல்லைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில்லை. அதோடு, அனுப்பியதற்கு ஒரு தடயத்தை விட்டுச் செல்கின்றன. அந்தத் தடயம் எப்போதும் பள்ளிக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது.

தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இதைக் காதால் கேட்கலாம். “பிள்ளைக்கு வகுத்தல் வரலையே மிஸ்” என்று ஓர் அம்மா தயங்கிச் சொன்னால், “குரூப்ல தினமும் போடறோமே, பாக்கறதில்லையாம்மா?” என்று பதில் வருகிறது. வகுத்தல் வராததற்கு ஒரு நொடியில் பொறுப்பாளி மாறிவிட்டார். கற்பிக்க வேண்டியவர் அனுப்பிவிட்டார், பார்க்காதவர் குற்றவாளி. ஒரு காலத்தில் ‘வீட்டுச் சூழ்நிலை சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன பள்ளி, இப்போது தேதி, நேரம், இரட்டை நீல டிக் சகிதம் அதையே சொல்கிறது.

சரி, படத்தைப் பார்த்த வீட்டில் என்ன நடக்கிறது? எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா, ஆங்கில வழியில் படிக்கும் மகனின் அறிவியல் கேள்வியை என்ன செய்வார்? இந்த வட்டாரத்தில் பதில் சுலபம். படத்தை அப்படியே டியூஷன் அக்காவுக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார். நான் கவனித்த குழுக்களில் வீட்டுப்பாடப் படத்தின் உண்மையான வாசகர் டியூஷன் ஆசிரியைதான். பள்ளி ஐந்து மணிக்கு அனுப்புகிறது, அம்மா ஐந்தே காலுக்குத் தள்ளிவிடுகிறார், ஆறு மணிக்கு டியூஷன் திண்ணையில் அந்தப் பாடம் நடக்கிறது. குடும்பத்தைப் பள்ளியோடு இணைக்க வந்த கருவி, பள்ளியை டியூஷனோடு இணைத்துவிட்டு நிற்கிறது. குடும்பத்தின் பங்கு தபால்காரர் வேலை. மாதக் கடைசியில் டியூஷன் பீஸ் கட்டும் வேலை. டியூஷனுக்கு வழியில்லாத வீட்டில் அந்தப் படம் போனிலேயே கிடந்து, அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைக்குக் கிடைக்கும் திட்டாக மாறுகிறது. ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வு தினமும் ஐந்து மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது.

இதில் ‘பெற்றோர்’ என்று பொதுவாகச் சொல்வதே ஒரு மறைப்பு. வீட்டுப்பாடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா, போன் அப்பாவிடம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்போது, அதாவது 2019–21 காலத்தில், தமிழ்நாட்டுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் பாதியை எட்டவில்லை. இன்று எண்ணிக்கை கூடியிருக்கும். போன் யார் இடுப்பில் இருக்கிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. இதற்கு நேர்மாறாக, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. கருவி அப்பாவின் எண்ணுக்கு நோட்டிஸ் அனுப்புகிறது.

கூகுள் கிளாஸ்ரூம் கதையும் இதுதான், கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டையில். அதில் பெற்றோருக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளை முடிக்காத வேலை, வரப்போகும் வேலை பற்றிய சுருக்கம் தினமுமோ வாரம் ஒருமுறையோ மின்னஞ்சலில் வரும். இங்கே பல பெற்றோருக்கு மின்னஞ்சல் என்பது, ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக பிரவுசிங் சென்டர் தம்பி உருவாக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டைப் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த ஒன்று. அந்த நோட்டு இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. தனியார் பள்ளிச் செயலிகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. அவற்றில் பெற்றோர் தவறாமல் திறக்கும் பக்கம் கட்டணப் பாக்கிப் பக்கம். பள்ளி தவறாமல் கவனிக்கும் பக்கமும் அதுவே. பிள்ளை சாப்பிட்டானா, அழுதானா, யாரோடு விளையாடினான் என்று ஓர் அம்மா கேட்க விரும்பும் எதற்கும் அங்கே கட்டம் கிடையாது.

அரசுப் பள்ளி ஆசிரியரையும் இந்தக் கருவிகள் வாழவிடவில்லை. எமிஸ் என்னும் கல்வித்துறைத் தகவல் தளத்தில் செய்ய வேண்டிய பதிவேற்றங்கள் பற்றி ஆசிரியர் சங்கங்கள் எத்தனையோ முறை முறையிட்டுவிட்டன. 2024-இல் பெற்றோரின் கைப்பேசி எண்களை ஓடிபி வாங்கிச் சரிபார்க்கும் வேலையும் ஆசிரியர் தலையில் விழுந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று வங்கி, போலீஸ், டிவி எல்லாம் சொல்லிச் சொல்லி ஊரைப் பழக்கியிருக்கும் காலத்தில், டீச்சர் போன் போட்டு “நம்பர் வந்துச்சா, சொல்லுங்க” என்று கேட்க வேண்டியிருந்தது. பலர் தயங்கினார்கள், தயங்கியதில் தப்பே இல்லை. இதில் எனக்குப் படும் வருத்தம் வேறு. டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் செய்த அபூர்வமான வாரம் அது. அந்த அழைப்பில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க நேரமில்லாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வைக்க வேண்டியதாயிற்று.

செய்தியை விட அழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. 2020-இல் போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது நோம் ஆங்கிரிஸ்ட், பெர்க்மேன், மொய்ட்ஷேபி மட்செங் ஆகியோர் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாராவாரம் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. இன்னொரு பிரிவுக்கு அதே குறுஞ்செய்தியோடு ஆசிரியப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை போன் செய்து, பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சிறிது நேரம் பேசிக் கணக்குப் போடவைத்தார். அழைப்பு போன வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. ஸ்மார்ட்போனே தேவைப்படாத பட்டன் போனில் நடந்த காரியம் இது. பின்னர் இந்தியா, நேபாளம் உள்ளிட்ட ஐந்து நாடுகளில் அழைப்பு முறையைச் செய்து பார்த்தபோதும் பலன் கிடைத்தது. நாம் இதில் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டோம்? பலன் தராத பாதியை. அதில் ஈமோஜி சேர்த்துக்கொண்டோம்.

போட்ஸ்வானா வரை போக வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, அதே தெருவில் குடியிருக்கும் பெண் ஒருவர் சாயங்காலம் திண்ணையிலோ கோயில் வாசலிலோ இருபது பிள்ளைகளை உட்காரவைத்தார். பள்ளி மூடல் காலத்தில் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் தமிழ்நாட்டு ஆய்வு சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கும் செயலி இருந்தது. வருகைப் பதிவு செய்தார். ஆனால் அம்மாக்களைப் பள்ளிப் பாடத்தோடு இணைத்தது அந்தச் செயலி அல்ல. தண்ணீர் பிடிக்கும்போதும் ரேஷன் வரிசையிலும், “உங்க பையன் இன்னும் பெருக்கல்ல தடுமாறறான் அக்கா, கொஞ்சம் அனுப்பிவிடுங்க” என்று சொல்லக்கூடிய ஆள் தெருவில் இருந்ததுதான். அக்காவும் பதிலுக்கு ஏதாவது சொல்ல முடிந்தது.

பதிலுக்குச் சொல்ல இந்தக் குடும்பங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பார்கள். ஆலையின் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டன்னையும் கழிவையும் வெட்டுக்கூலியையும் மனக்கணக்காகப் போடுகிறவர் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர். வெள்ளாற்று அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றால் எந்த வாய்க்கால் கடைமடைக்குப் போகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்துவிட்டு வரும் தாய்மாருக்கு, களிமண் காய்வதும் சுருங்குவதும் வேகும்போது நிறம் மாறுவதும் விரல்நுனிப் பாடம். அளவை, விகிதம், பருப்பொருளின் மாற்றம் என்று புத்தகத்தில் இருப்பவை இவைதாமே. வகுப்புக் குழுவில் இந்த அறிவு உள்ளே வர ஒரு வழியுமில்லை. 1950-களின் பிற்பகுதியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர் நிலம், பெஞ்சு, சீருடை என்று எதையாவது கையில் கொண்டு வந்தார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. யார் ஊரின் சார்பில் பேசினார்கள், யார் ஓரத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் வந்தவரைக் கொடுப்பவராக நடத்தினார்கள். இன்றைய கருவி அவரைப் பெறுநராக மட்டுமே அறியும்.

முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் வீடு வீடாகப் போன் செய்ய முடியுமா என்ற மறுப்பு வரும். கணக்குப் பார்க்கலாம். முப்பது பிள்ளைகள், வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் வாரம் இரண்டரை மணி நேரம். பதிவேற்றங்களில் பாதியை நிறுத்தினாலே அதைவிட அதிக நேரம் மிஞ்சும். மிஞ்சாது என்று சொல்லும் அதிகாரி, எந்தப் பதிவேற்றம் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்று முதலில் சொல்லட்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தைக் கூலி போகும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் வைத்துவிட்டு, தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றி, கூட்டம் நடந்ததற்கு அதையே சாட்சியாக்குவதை நிறுத்தலாம். விளக்கு வைத்தபின் கூட்டலாம். குழுவை வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் குரல் பதிவுக்குத் திறந்துவிடலாம். ரோஜாப்பூ வரட்டும், யாரும் செத்துவிட மாட்டார்கள்.

விருதுக்கோ பாராட்டுக்கோ வரும் கோப்பில் எத்தனை செய்தி அனுப்பினார், எத்தனை பெற்றோர் பார்த்தார்கள் என்ற கணக்கை நான் பார்க்கமாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த ஆண்டு ஒரு தாயோ தகப்பனோ சொன்னதைக் கேட்டுப் பள்ளி மாற்றிக்கொண்டது என்ன? கழிவறைக்குத் தண்ணீர் வந்தது, வீட்டுப்பாடம் பாதியானது, கணக்கு வகுப்புக்குள் எடைச் சீட்டு நுழைந்தது என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால் விருதை இரண்டு கையாலும் கொடுக்கலாம். காட்ட முடியாதவருக்கு நல்ல அறிவிப்பாளர் என்று ஒரு சான்றிதழ் போதும்.